சுவரைப் பார்த்துச் சிரித்தவள்

– ஏழு தடவை.

– என்ன ஏழு தடவை?

– நீ எழுதியிருக்கறதுல "அவர்", "அவர்"னு ஏழு தடவை வருது. எண்ணிட்டேன். "என் கணவர்"னு ஒரே ஒரு இடம். அதுவும் என்ன? "படம் எடுத்தது என் கணவர்." அவ்வளவுதான் நான். கேமராவைத் தூக்கிட்டு வந்த ஆளு.

– ஏங்க, நான் கடைக்குள்ள வந்து பத்து நிமிஷம் ஆகல. கொண்டுவந்த சாப்பாட்டைக்கூட இன்னும் பிரிக்கல. அதுக்குள்ள ஆரம்பிச்சுட்டீங்களா? அவரைப் பத்தி ஒரு பொய் சுத்துது. அது பொய்னு நான் மறுப்பு எழுதியிருக்கேன். அவரைச் சொல்லாம எப்படி எழுதறது?

– நீ எதுக்கு எழுதணும்னுதான் கேக்கறேன். ஜனாதிபதியாகணும்னு நிக்கறவனுக்கு ஆளா இல்ல? நூறு வக்கீல், ஆயிரம் தொண்டன். அத்தனை பேரும் வேடிக்கை பார்க்க, ரிட்டயர் ஆன நர்ஸம்மா ஒருத்தி கண்ணாடியைத் துடைச்சுத் துடைச்சு விடியக்காலம்பற உட்கார்ந்து டைப் அடிக்கணுமா?

– அந்தப் பொய்யைப் போட்டது என் தம்பி. அதுக்கு அத்தாட்சின்னு அவன் போட்டிருக்கறது உங்க படம். இதோ உங்க தலைக்குப் பின்னாடி ஆணியில தொங்குதே, அதே படம். இதுல எனக்குச் சம்பந்தம் இல்லைன்னா வேற யாருக்கு இருக்கு?

– உன் தம்பி எதிர்க்கட்சிக்காரன். அப்படித்தான் போடுவான்.

– படிக்கறேன், கேளுங்க. "வெள்ள நிவாரண முகாமில் இருபத்தொரு நாள் தொண்டு செய்தேன் என்று மேடைக்கு மேடை முழங்கும் வேட்பாளரே, இதோ அந்த முகாமின் படம். பதினோரு பேர். இதில் நீங்கள் எங்கே?" காலையில நாப்பதாயிரம் பேர் பகிர்ந்திருந்தாங்க. இப்ப மூணு லட்சம். போன ஞாயித்துக்கிழமை இங்க வந்து உட்கார்ந்து பேசிட்டு, செல்போன்ல எடுத்துட்டுப் போயிருக்கான். நீங்களும் பார்த்துட்டுத்தானே இருந்தீங்க?

– அக்கா போட்டோன்னு ஆசையா எடுக்கறான்னு நினைச்சேன்.

– அவனையும் குத்தம் சொல்ல மாட்டேன். காலையில போன் பண்ணிக் கத்தினேன். "அக்கா, அந்தாளு முகாம்ல இருந்தது நிஜம்னா படத்துல ஏன் இல்ல?"ன்னு கேட்டான். நியாயமான கேள்விதானே? நான் என்ன சொல்வேன்? நீங்க எனக்குச் சொன்னதைத்தான் சொன்னேன். அந்த ஓரம் ஈரத்துல கெட்டுப்போச்சு, சுவர் வரைஞ்சு மூடியிருக்கு, அங்க நின்னவர் அவர்னு.

– சரி, சொன்னே இல்ல? அதோட விட்டிருக்கலாம். ஊருக்கெல்லாம் மறுப்பு எழுதற அளவுக்கு அவன் மேல என்ன அக்கறை?

– ஐயோ கடவுளே. நான் அவருக்கு ஓட்டுப் போடப்போறதுகூட இல்லைங்க. ஆஸ்பத்திரியை எல்லாம் தனியாருக்குத் தூக்கிக் கொடுக்கறேன்னு சொல்றவருக்கு நான் போடுவேனா?

– போட மாட்டியா?

– மாட்டேன்.

– நிஜமா?

– முகத்துல பல்பு எரியறதைப் பாரு. ஓட்டுப் போட மாட்டேன். அதுக்காக, ராத்திரி பகலா இடுப்பளவு தண்ணியில கிழவங்களையும் பிள்ளைத்தாச்சிகளையும் தூக்கிட்டு வந்த மனுஷனை, வரவே இல்லைன்னு சொன்னா கேட்டுட்டு இருக்க மாட்டேன். ரெண்டும் வேற வேற.

– தூக்கிட்டு வந்தான், தூக்கிட்டு வந்தான். நெட்டையா இருந்தா யாரு வேணும்னாலும் தூக்கலாம். நானும்தான் அந்தத் தண்ணியில கேமராவைத் தலைக்கு மேல பிடிச்சுட்டு நடந்தேன். எனக்கு அது கழுத்தளவு. அதை எழுதினியா நீ?

– நீங்க ஜனாதிபதி தேர்தல்ல நில்லுங்க, எழுதறேன்.

– கிண்டல் பண்ணு. நல்லா பண்ணு. "நனைந்த நீலச் சட்டையோடு அவர் என் பக்கத்தில் நின்றார்." நீலச் சட்டை! இருபத்தெட்டு வருஷம் ஆச்சு. கருப்பு வெள்ளைப் படம். அதுலயும் உனக்கு நீலம் தெரியுது. போன வாரம் நான் என்ன நிறத்துல போட்டிருந்தேன், சொல்லு பார்ப்போம்.

– நீங்க வச்சிருக்கறதே சாம்பல் நிறமும் அழுக்கான சாம்பல் நிறமும்தான். அவர்கிட்ட இருபத்தொரு நாளும் அந்த ஒரே சட்டைங்க. மறக்குமா?

– அடுத்தது இதைவிட அழகு. "என்னிடம் கைக்கடிகாரம் இல்லை. நோயாளிக்கு நாடி பார்க்கும்போதெல்லாம் அவர் தன் கடிகாரத்தைப் பார்த்து எனக்கு நேரம் சொல்வார்." இது யாரு கேட்டா? இதெல்லாம் ஊருக்குத் தெரியணுமா? நான் பார்த்துட்டே இருப்பேன். நீ ஒருத்தரோட மணிக்கட்டைப் பிடிச்சிருப்ப, அவன் உன் காதுகிட்ட குனிஞ்சு, "ஆரம்பிங்க சிஸ்டர்… போதும் சிஸ்டர்."

– முப்பது செகண்டு எண்ணணும். குனிஞ்சு சொல்லாம மைக் வச்சா சொல்வாங்க?

– அதுக்குத்தான் நம்ம நிச்சயம் ஆன உடனே முதல் வேலையா உனக்கு வாட்ச் வாங்கினேன். இனி எவனும் உனக்கு நேரம் சொல்ல வேண்டாம்னு.

– அதுக்கா வாங்கினீங்க? நான் ஆசையா வாங்கினீங்கன்னு நினைச்சேன்.

– ஆசையாத்தான் வாங்கினேன். இதுவும் ஆசைதான்.

– இருங்க, பதில் வந்துட்டே இருக்கு. ஒருத்தன் "பாட்டிக்குப் பழைய காதல்"னு எழுதியிருக்கான்.

– பார்த்தியா? நான் சொன்னா கோபம் வருது. ஊரே சொல்லுது.

– சும்மா இருங்க. இன்னொருத்தன்… இது என்னது? "அம்மா, உங்களிடம் கைக்கடிகாரம் இல்லை என்கிறீர்களே, படத்தில் உங்கள் இடது கையில் கட்டியிருப்பது என்ன?" வட்டம் போட்டுக் காட்டியிருக்கான். அதுக்குக் கீழ ஐநூறு பேர் சிரிச்சிருக்காங்க. "பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்லணும்"னு.

– எவனோ வேலையத்தவன். நீ சாப்பிடு முதல்ல.

– என் கையில வாட்ச் இருக்குன்னு சொல்றான்.

– செல்போன் படத்துல என்ன தெரியும்? ஏதாவது நிழலா இருக்கும். ஆறிப்போகுது, சாப்பிடு.

– நிழலுக்கு வார் இருக்குமா? அந்தப் படத்தைக் கழட்டுங்க.

– எதுக்கு இப்ப? தூசி.

– கழட்டுங்கன்னா. நீங்க பாஸ்போர்ட் போட்டோவுல மூஞ்சிப் புள்ளி எடுக்கற லென்ஸையும் கொடுங்க.

– கடை நேரத்துல யாராவது வந்தா…

– "மூடியிருக்கு"ன்னு பலகையைத் திருப்பி மாட்டிட்டேன், யாரும் வர மாட்டாங்க. ம். குடுங்க இப்படி. கோணி மறைச்ச ஜன்னல்… கம்பவுண்டர்… சமையல் பாத்திரத்தோட அந்தத் தடியன்… இதோ நான். இடது கை. ஏங்க.

– என்ன?

– இது சதுர வாட்ச்.

– அப்படியா?

– வார்ல நுனி நீட்டிட்டு நிக்குது. ஆம்பளை வார், என் கைக்குப் பெரிசுன்னு நீங்களே ஆணியைப் பழுக்க வச்சு உள்பக்கமா ரெண்டு ஓட்டை போட்டீங்களே, அந்த நுனி. இதோ என் கையிலயே கட்டியிருக்கேன், பாருங்க. அதேதான். வெள்ளம் வந்து ஒரு வருஷம் கழிச்சு நீங்க கொடுத்த வாட்ச், வெள்ளத்துல எடுத்த படத்துல என் கையில எப்படி வந்துச்சு?

– சாப்பாடு ஆறிப்போச்சு.

– கையைக் கொடுங்க.

– எதுக்கு?

– கொடுங்கன்னா. நாடி நூத்திப் பத்து ஓடுது. சொல்லுங்க, என்ன பண்ணீங்க?

– ஈரம் பட்டது நிஜம்தான்.

– எங்க பட்டது?

– கவர்ல பட்டது. நெகட்டிவ்ல படல.

– ஆக, கெட்டுப்போகல.

– இல்ல.

– நீங்க அவரை அழிச்சுட்டீங்க.

– நம்ம கல்யாணத்துக்கு உனக்குப் பரிசா கொடுக்கணும்னு பெரிசா பிரிண்ட் போட்டேன். மருந்துத் தண்ணித் தட்டுல படம் கொஞ்சம் கொஞ்சமா மேல வருது. எல்லாரும் கேமராவைப் பார்க்கறாங்க. நீ மட்டும் பார்க்கல. நான் மூணு எண்ணறதுக்குள்ள அவன் பக்கம் திரும்பிட்ட. திரும்பிச் சிரிச்சிருக்க. என்கிட்ட அதுவரைக்கும் அப்படி ஒரு தடவைகூடச் சிரிச்சதில்ல. அதை வீட்டுல மாட்டச் சொல்றியா?

– அதனால ஒரு மனுஷனையே துடைச்சு எடுத்துட்டீங்க.

– அவன்மேல சுவர் வரைஞ்சுட்டேன். பிரஷ்ஷாலதான், அப்ப ஏது கம்ப்யூட்டர்? பதினாறு ராத்திரி. அவனை எடுத்ததும் உன் இடது கை இல்ல. அவன் மறைச்சுட்டு நின்னான். நிச்சயம் ஆனப்புறம் ஆஸ்பத்திரி வாசல்ல உன்னை யூனிபார்மோட எடுத்த படம் இருந்துச்சு. அதுல இருந்து கையை வெட்டி ஒட்டி, அதையே திரும்பப் படம் எடுத்தேன்.

– வாட்சோட.

– எடுத்திருக்கலாம். ரெண்டு தடவை பிரஷ் வச்சா வாட்ச் போயிருக்கும். மனசு வரல. நான் வாங்கிக் கொடுத்தது, இருந்துட்டுப் போகட்டும்னு விட்டுட்டேன்.

– வெளிய பலகையில என்ன எழுதி வச்சிருக்கீங்க? "எங்கள் படம் பொய் சொல்லாது." வெட்கமா இல்ல?

– எனக்கு என்ன தெரியும், அந்த நெட்டைக்கொக்கு ஜனாதிபதிக்கு நிக்கும்னு? நான் அவனை நம்ம வீட்டுச் சுவர்ல இருந்துதான் எடுத்தேன். நாட்டை விட்டா எடுத்தேன்?

– நம்ம பொண்ணு சின்ன வயசுல கேட்பா, "அம்மா ஏன் சுவரைப் பார்த்துச் சிரிக்கறா?"ன்னு. நீங்க பேப்பரைத் தூக்கி முகத்தை மூடிக்குவீங்க. இப்பல்ல புரியுது.

– நீயும் அதுக்குப் பதில் சொன்னதில்லையே. யாரைப் பார்த்துச் சிரிச்சேன்னு ஒரு தடவை சொல்லியிருக்கியா?

– நீங்க ஒரு தடவை கேட்டிருக்கீங்களா? கேளுங்க, பத்திரிகையில இருந்து ஒரு பொண்ணு எனக்கு எழுதியிருக்கு. இந்த மாதிரிப் பதிவையெல்லாம் சரிபார்க்கறதுதான் அதுக்கு வேலையாம். "அம்மா, நீங்கள் சொல்வதற்கு மூலப்படம் இருந்தால் ஐந்து மணிக்குள் அனுப்புங்கள். இல்லையென்றால் உறுதிசெய்ய முடியவில்லை என்று போட்டுவிடுவோம்." இப்ப மணி மூணே முக்கால். நெகட்டிவ் எங்க?

– தூக்கிப் போட்டுட்டேன்.

– நாடி ஏறுது.

– …மேல் அலமாரியில இருக்கு. பழைய பிஸ்கட் டப்பாவுல.

– எடுங்க.

– கொஞ்சம் யோசி. கொடுத்தா என் கடை பேர் என்ன ஆகும்? "போட்டோவுல ஆளை அழிக்கறவன்"னு சொல்வாங்க. நாளைக்கு ஒருத்தன் பாஸ்போர்ட் படம் எடுக்க வருவானா?

– கொடுக்கலைன்னா என் பேர் என்ன ஆகும்? முப்பத்தஞ்சு வருஷம் ஊசி போட்டிருக்கேன். பொய்க்காரின்னு ஒருத்தர் சொன்னதில்ல. இப்ப ஐநூறு பேர் சிரிக்கறாங்க. அந்தச் சிரிப்பு உங்களைப் பார்த்துச் சிரிக்க வேண்டியது. என்னைப் பார்த்துச் சிரிக்கறாங்க.

– கடைகூடப் போகட்டும். கடை இல்ல.

– பின்ன?

– அந்த நெகட்டிவ் வெளிய போனா, மூணு லட்சம் பேர் பார்ப்பாங்க. நீ அவனைத் திரும்பிப் பார்த்துச் சிரிக்கறதை. இத்தனை வருஷம் நான் ஒருத்தன் மட்டும் தெரிஞ்சு வச்சிருந்தேன். அது போதாதா? பாட்டிக்குப் பழைய காதல்னு இப்பவே எழுதறான். அப்புறம் படமே சொல்லும். என்னை எல்லாரும் எப்படிப் பார்ப்பாங்க? பாவம்னு பார்ப்பாங்க.

– பயமா?

– வயித்தெரிச்சல். இருபத்தெட்டு வருஷமா ஒரே இடத்துல எரியுது. டிவியில அவன் மூஞ்சி வந்தா உன் மூஞ்சியைத்தான் பார்ப்பேன். சிரிக்கறியான்னு.

– சிரிச்சேனா?

– இல்ல. ஆனா அந்தச் சிரிப்பை நீ எங்கயோ வச்சிருக்கன்னுதான் தோணும்.

– டப்பாவை எடுங்க. எடுத்து, அந்த லைட் பெட்டி மேல வைங்க. யாரைப் பார்த்துச் சிரிச்சேன்னு கேட்டீங்களே, அதுக்கு அங்க வச்சுப் பதில் சொல்றேன்.

– …ஸ்டூலைப் பிடி. ம். இந்தா. ஓரத்தைப் பிடி, விரல் ரேகை படும். நெகட்டிவ்ல கருப்பு வெள்ளையாவும் வெள்ளை கருப்பாவும் தெரியும்.

– எக்ஸ்ரே பார்த்த கண்ணுங்க இது. நீங்க பாருங்க முதல்ல. லென்ஸை வைங்க.

– என்னத்தைப் பார்க்கறது? மனப்பாடமா தெரியும். இந்தக் கடைசியில நெட்டையன். பக்கத்துல நீ. கழுத்தைத் திருப்பிட்டு நிக்கற. நான் ஒண்ணும் இல்லாததைச் சொல்லல, பார்த்துக்கோ.

– அவருக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கு?

– முகாம் நடந்த பள்ளிக்கூடத்துக் கதவு. கண்ணாடிக் கதவு. பாதி திறந்து கிடக்கு.

– நம்ம வீட்டுப் படத்துல அந்தக் கதவே இல்லையே?

– அவன் தோள் அது மேல விழுந்திருந்துச்சு. பிரிச்சு வரைய முடியல. கதவையும் சேர்த்துச் சுவரா அடிச்சுட்டேன்.

– என் கண்ணு எங்க போகுதுன்னு நல்லா பாருங்க. அவர் முகத்துக்கா?

– அவன் முகத்துக்கு… இல்ல. முகத்துக்கு இல்ல. உன் பார்வை கீழ போகுது. அவன் நெஞ்சைத் தாண்டி. கதவுக்கா?

– கதவுக் கண்ணாடியில என்ன தெரியுது?

– ஏதோ கறை. வெளிச்சம் அடிச்சிருக்கு.

– ஊரார் மூஞ்சியில இருக்கற புள்ளியெல்லாம் தெரியுது உங்களுக்கு. குனிஞ்சு பாருங்க.

– மூணு கால் தெரியுது… கேமரா ஸ்டாண்டு மாதிரி… பக்கத்துல ஒரு ஸ்டூல். ஸ்டூல் மேல ஒரு குட்டை ஆளு, கையைத் தூக்கி மூணு விரல் காட்டிட்டு…

– அத்தனை பேர் நடுவுல உங்களை நேராப் பார்க்க எனக்கு வெட்கமா இருந்துச்சுங்க, அதான் கண்ணாடியில பார்த்தேன். அவரை அழிக்கறேன்னு பதினாறு ராத்திரி உட்கார்ந்து, நீங்க உங்களையே அழிச்சிருக்கீங்க.