கடைசிச் சுற்றுக்கான மணி

“மணி அடிக்க மறந்துபோடாதையும்.”

“நீர் ஓட மறந்துபோடாதையும்.”

“நான் மறக்கமாட்டன். நீர் மணி அடிக்குமட்டும் நிக்கவும்மாட்டன். பிறகு என்னைக் குறை சொல்லக் கூடாது.”

வட்டுக்கோட்டைக்கு அண்மையில் ஒரு திடலில், சப்பாத்து நாடாவைக் கட்டிக்கொண்டே குகதாசன் இப்படிச் சொன்னான். இருவரும் சிரித்தோம். நீண்ட ஓட்டங்களில் கடைசிச் சுற்றுத் தொடங்கும்போது மணி அடிப்பது எங்கள் பக்கத்துப் பள்ளிக்கூடங்களின் வழக்கம். மணி கேட்டால் இன்னும் ஒரு சுற்றுத்தான். கேட்காவிட்டால் ஓட வேண்டும். சிறு வயதிலிருந்தே அப்படி ஓடிப் பழகியவன் அவன். என் கையில் இருந்தது பித்தளைக் கைமணி. என் அப்பா நதானியேல் மாஸ்ரர் ஓய்வுபெற்றபோது பள்ளிக்கூடத்தில் அவருக்கு நினைவாகக் கொடுத்தது.

நான் நிஷானி. விளையாட்டு உளவியல் படிக்கும் மாணவி. குகதாசனை மணமுடிக்க இருந்தவள். கிறிஸ்தவக் குடும்பத்து வேதக்காரப் பெண் என்று அவன் வீட்டில் முதலில் முகம் சுளித்தார்கள். பிறகு அவன் தாய் இரத்தினம்மாவே என்னைக் கூப்பிட்டு, மாமி என்று அழைக்கச் சொன்னார். குகதாசன் இறந்து இப்போது நாலு மாதமாகிறது. மாமியிடம் ஒரு படிவத்தில் கையெழுத்துக் கேட்க வேண்டும். அதைக் கைப்பையில் வைத்துக்கொண்டு மூன்று முறை போனேன். கேட்டால் நடந்ததையும் சொல்ல வேண்டியிருக்கும். கேட்காமலே திரும்பினேன். இன்று நாலாம் முறை போனேன்.

என் ஆய்வு எளிமையானது. களைத்துப்போன ஓட்டக்காரர் ஒருவர் தெரியாதவரின் குரலுக்கு இன்னும் எவ்வளவு தூரம் ஓடுவார், நெருங்கியவரின் குரலுக்கு எவ்வளவு தூரம் ஓடுவார் என்பதே கேள்வி. முடியாதபோது அவர் கையை உயர்த்த வேண்டும். அப்போது உற்சாகப்படுத்தலாம். இரண்டாம் முறை கை உயர்ந்தால் மணியை அடித்து, அந்தச் சுற்றோடு முடித்துவிட வேண்டும். அனுமதி தந்த குழு அப்படித்தான் எழுதியிருந்தது. எட்டுப் பேர், ஆளுக்கு ஐந்து நாள். மற்றவர்களுக்குக் குரல் கொடுக்க அண்ணனோ மனைவியோ வந்தார்கள். குகதாசன் ஏழாம் இலக்கம். அவனுக்கு நானே குரல் கொடுத்தேன். அது முறையில்லை என்று தெரியும்.

நாலு நாளும் காலையில் ஓடினான். கை உயர்த்திய பிறகு இரண்டு சுற்று, மூன்று, இரண்டு, மூன்று. மற்றவர்களும் ஏறக்குறைய அப்படியே. இதைக் கொண்டுபோனால் மாநாட்டில் மரியாதைக்குக் கை தட்டுவார்கள். அதைவிட, அவனுக்கு என்மேல் இருந்த அன்பு வெறும் மூன்று சுற்றல்ல என்று எனக்குத் தோன்றியது. எந்தப் பெண்ணுக்கும் அதைத் தெரிந்துகொள்ள ஆசை இருக்கும்.

ஐந்தாம் நாளை மத்தியானத்துக்கு மாற்றினேன். சித்திரை மாதம்.

“இந்த வெயிலிலையோ?” என்றான்.

“ஏன், உருகிப்போவீரோ?”

“நான் எப்பவோ உருகினனான். உமக்குத்தான் தெரியேல்லை.”

பத்தாவது சுற்றில் கையை உயர்த்தினான். “இன்னும் கொஞ்சம்” என்றேன். ஓடினான். பன்னிரண்டாவதில் மறுபடி உயர்த்தினான். நான் மணியின் நாக்கை விரல்களால் பிடித்துக்கொண்டேன். காற்றுக்கு அசைந்து ஒலித்துவிடக் கூடாதல்லவா. “எனக்காக ஒரு சுற்று” என்றேன். அதன்பின் ஒவ்வொரு சுற்றிலும் அதையே சொன்னேன். பதினாறாவதில் அவன் கால்கள் கோட்டைவிட்டு விலகத் தொடங்கின. பதினெட்டாவதில் என்னைக் கடக்கும்போது, “மணியை அடியும்” என்றான். மெதுவாக, மரியாதையாகத்தான் சொன்னான். பத்தொன்பதாவதில் விழுந்தான்.

அவன் நின்றிருக்கலாம். எந்த நேரத்திலும் விலகலாம் என்று ஆய்வில் சேரும்போது கொடுத்த படிவத்தில் தெளிவாக இருந்தது. வாசித்துத்தான் கையெழுத்திட்டான்.

நான் கடிகாரத்தை நிறுத்தி, இதயத்துடிப்பைக் குறித்துக்கொண்டேன். அதற்கு ஒரு நிமிடம் போயிருக்கும். பிறகு அவனிடம் போனேன். அம்புலன்ஸை அழைத்தேன். அது வருமுன் மணியையும், அவன் நெஞ்சில் கட்டியிருந்த துடிப்புப் பட்டியையும் பைக்குள் வைத்தேன். அவன் தனியாகப் பயிற்சி செய்தான், நான் சாப்பாடு கொண்டுபோனபோது விழுந்து கிடந்தான் என்று விசாரணையில் சொன்னேன். எல்லோரும் என்னைத்தான் தேற்றினார்கள்.

அவன் இறந்த மூன்றாம் மாதம் கொழும்பில் விளையாட்டு, உடற்பயிற்சி உளவியல் மாநாடு நடந்தது. மாணவர் அரங்கில் எனக்குப் பத்து நிமிடம். எட்டாவது நிமிடத்தில், நேரம் முடியப்போகிறது என்பதற்காகத் தலைவர் மேசைமீதிருந்த சிறு மணியைத் தட்டினார். நான் பேச்சை நிறுத்திவிட்டேன். நிறுத்தியது எனக்கே தெரியவில்லை. கடைசி வரிசையில் ஒரு கை உயர்ந்திருந்தது. கண்ணை மூடித் திறந்தேன். அது இறங்கவில்லை.

பேராசிரியர் தக்சாயினியின் கை அது.

“ஏழாம் இலக்கத்துக்கு நாலு நாள்தானே இருக்கு. ஐந்தாம் நாள் என்ன நடந்தது?”

“அவர் விலகிவிட்டார்” என்றேன்.

தேநீர் வேளையில் அவர் என்னிடம் வந்தார். “அந்த ஒரு நாளும் இருந்திருந்தால், பிள்ளை, இது மாணவர் அரங்கிலை நிண்டிருக்காது.”

இருக்கிறது. என்னிடம் இருக்கிறது. ஒன்பது சுற்று. வரைபடத்தில் அந்தக் கோடு மற்ற எல்லோரையும் தாண்டி மேலே போகிறது. அதை மறைத்து வைப்பது அவனுக்குச் செய்யும் துரோகம் என்று அன்றிலிருந்து நினைக்கிறேன். இறந்தவரின் அளவீடுகளை வெளியிட நெருங்கிய உறவினரின் சம்மதம் வேண்டும். அவ்வளவுதான் தடை.

மணியை நாக்கில் துணி சுற்றி அலுமாரிக்குள் வைத்திருக்கிறேன். ஆனாலும் மருதனார்மடச் சந்தியில் யாராவது பஸ்ஸை மறிக்கக் கையை உயர்த்தினால், என் விரல்கள் தாமாக மடங்கி எதையோ இறுக்கிப் பிடிக்கின்றன. படி ஏறும்போது எண்ணுகிறேன். பத்தொன்பதுக்கு மேல் எனக்கு எண்ண வருவதில்லை.

இன்று பின்னேரம் நான் போனபோது மாமி விறாந்தையில் வெங்காயத்தைப் பிடிபிடியாகக் கட்டிக்கொண்டிருந்தார்.

“சாப்பிட்டனியோ பிள்ளை?”

“ஓம் மாமி.”

“பொய். உன்ரை முகம் சொல்லுது. பிட்டு இருக்கு, இரு.”

பிட்டை முன்னால் வைத்துவிட்டு, ஒவ்வொரு முறையும் கேட்பதைக் கேட்டார். “நீ போகேக்கை அவனுக்குக் கதை இருந்ததோ?”

பேச்சு இல்லை என்று மூன்று முறை சொல்லியிருக்கிறேன்.

“ஓம் மாமி. கதைச்சவர். மணியை அடிக்கச் சொன்னவர்.”

“என்ன மணி?”

இங்கே சொன்ன அதே ஒழுங்கில் எல்லாவற்றையும் சொன்னேன். பன்னிரண்டாவது சுற்றில் அவர் கையிலிருந்த வெங்காயப் பிடி அவிழ்ந்து சிதறியது. பதினெட்டாவதுக்கு வந்தபோது, உள்ளங்கை எனக்குத் தெரியும்படி மாமி தன் கையை மெல்ல உயர்த்தினார்.

நான் நிறுத்தவில்லை. பத்தொன்பதாவதையும் சொல்லி முடித்தேன். கைப்பையைத் திறந்து படிவத்தை எடுத்து, பிட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு அவர் முன்னால் வைத்தேன். பேனையின் மூடியையும் நானே கழற்றினேன். அவருடைய கை இன்னும் உயர்ந்தே இருந்தது.

“எனக்காக ஒரு கையெழுத்து, மாமி” என்றேன்.