இளஞ்சூடு

முதல்முறை வருகிறவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள், ஐயா. வலிக்குமா? வலிக்கும் என்று நான் சொல்லிவிடுவேன். ரப்பர் வளையத்தை இழுத்துத் தோலில் சுண்டிவிட்டால் எப்படி இருக்குமோ அப்படி இருக்கும். மறுகணமே கருவியின் குளிர்ந்த முனை வந்து தடவிக்கொடுத்துவிடும். வேறு சில நிலையங்களில் எறும்பு கடித்தாற்போல்கூட இருக்காது என்று இனிக்க இனிக்கப் பேசிப் படுக்க வைத்துவிடுகிறார்கள். எனக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை.

அந்தத் தோல் சிகிச்சை நிலையத்தில், வேண்டாத முடியை நீக்கும் லேசர் அறை என் பொறுப்பில் இருந்தது. ஜன்னல் இல்லாத சிறிய அறை. ஒரு சாய்வுக் கட்டில், சக்கரம் வைத்த இயந்திரம், எனக்கு ஒரு முக்காலி. சுவரில் முன்பு ஒரு கண்ணாடி மாட்டியிருந்தது. வருகிறவர்கள் அதைப் பார்த்துத் தலை குனிந்ததால் நான்தான் அதைக் கழற்றச் சொன்னேன்.

இயந்திரத்தின் ஒளி கறுப்பைத் தேடிப் போகும். கறுத்த முடியின் வழியே இறங்கி வேரைச் சுடும். உங்கள் காதோரம் நரைத்திருக்கிறது. அதன்மேல் நாள் முழுக்க அடித்தாலும் ஒன்றும் ஆகாது. வெயிலில் அலைந்து கறுத்து வந்தவரை நான் திருப்பி அனுப்பிவிடுவேன், ஏனென்றால் ஒளிக்கு அப்போது தோல் எது, முடி எது என்று தெரியாது, கொப்புளித்துவிடும். முந்தைய நாள் மழித்துவிட்டு வர வேண்டும், பிடுங்கக் கூடாது. ஒரே தடவையில் முடிகிற காரியமும் அல்ல. முடிகள் எல்லாம் ஒரே சமயத்தில் விழித்திருப்பதில்லை, தூங்குகிறவை தப்பிவிடும். அவை விழிக்கும்வரை சில வாரங்கள் பொறுத்து மறுபடியும் வர வேண்டும். என் கையால் ஒருவருக்கும் ஒரு கொப்புளம் வந்ததில்லை. இதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

எங்கள் வேலையில் ஒரு விசித்திரம் உண்டு. நன்றாகச் செய்தால் ஆள் திரும்பி வரமாட்டார். கண்ணுக்குக் கறுப்புக் கவசம் மாட்டிப் படுத்திருக்கும்போது மனத்தில் உள்ளதையெல்லாம் கொட்டுவார்கள். வீட்டில் சொல்லாததை எல்லாம் என்னிடம் சொல்வார்கள். தோல் தெளிந்ததும் போய்விடுவார்கள். ஒருத்தி கடைத்தெருவில் என்னைப் பார்த்ததும் எதிர்ப்பக்கம் கடந்து போனாள். எனக்கு அவள்மேல் கோபமில்லை. அவள் மறக்க நினைத்ததில் நானும் ஒரு பகுதி. நான் தனி ஆள், ஐயா. மாலையில் வீட்டுக்குப் போனால் பூட்டைத் திறக்கும் சத்தம்தான் அன்றைய கடைசிப் பேச்சு.

இனி அவளைப் பற்றிச் சொல்கிறேன். அவள் ஒரு பல் மருத்துவரிடம் உதவியாளராக இருந்தாள். முதல் நாளே, "என்னைப் பல்லுக்காரின்னே கூப்பிடுங்கக்கா, எல்லாரும் அப்படித்தான் கூப்பிடுறாங்க" என்று சிரித்தாள். உண்மையில் அவள் படித்தது சிறு பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்க. பயிற்சிக்குப் போன வகுப்பில் ஒரு குழந்தை அவள் மடியில் ஏறி உட்கார்ந்து, தாடையைத் தடவிப் பார்த்து, "மிஸ், எங்க தாத்தாவுக்கும் இப்படித்தான் குத்தும்" என்றதாம். மறுநாள் முதல் அவள் பள்ளிக்கூடத்துப் பக்கமே போகவில்லை. மூக்கும் வாயும் தாடையும் மூடியிருக்கிற வேலை எது என்று தேடிப் பல் மருத்துவரிடம் சேர்ந்தாள்.

"அந்தப் பிள்ளை பொய்யா சொல்லுச்சு? உள்ளதத்தானே சொல்லுச்சு" என்பாள். "எனக்கு மறுபடியும் அந்த வகுப்புல போய் நிக்கணும்க்கா. அவ்வளவுதான்."

முதல் சில தடவைகள் நான் முறையாகத்தான் செய்தேன். சுண்டும்போதெல்லாம் அவளுக்குக் கண்ணில் நீர் வரும். அறையில் முடி கருகும் வாசனை நிற்கும். வீட்டுக்குப் போய்ச் சில நாட்களில் கருகிய துணுக்குகள் மிளகுத் தூளாக உதிர்ந்தன. தாடை தெளிந்துகொண்டே வந்தது. "தொட்டுப் பாருங்கக்கா" என்று என் கையைப் பிடித்துத் தன் கன்னத்தில் வைத்தாள். யாரும் என் கையை அப்படிப் பிடித்ததில்லை.

பிறகு ஒரு நாள் மூச்சிரைக்க வந்தாள். மழலையர் பள்ளி ஒன்றில் நேர்முகத்துக்குக் கூப்பிட்டிருந்தார்கள். "இன்னும் ஒரு தடவை வந்தாப் போதும்ல? அப்புறம் உங்களுக்கு என் தொல்லையே இருக்காது."

முகம் சுளிக்காமல் இருக்கட்டும் என்று நான் எப்போதும் ஏதாவது கதை சொல்வேன். அன்று சொன்னது முள்ளம்பன்றியின் கதை. தன்னை யாரும் பக்கத்தில் சேர்ப்பதில்லை என்று முள்ளம்பன்றி குரங்கிடம் வந்து அழுதது. குரங்கு இரக்கப்பட்டு நாளுக்கொரு முள்ளாகப் பிடுங்கத் தொடங்கியது. பிடுங்கும் நேரத்தில் இரண்டும் காட்டுக் கதையெல்லாம் பேசின. அந்த மரத்தடிக்கு வேறு யாரும் வருவதில்லை. கடைசியில் ஒரே ஒரு முள் மிஞ்சியது. இந்த இடத்தில் நான் இயந்திரத்தைச் சரிசெய்வதற்காகச் சற்று நிறுத்தினேன்.

"குரங்கு அந்த முள்ளைப் பிடுங்காதுக்கா" என்றாள் அவள்.

"ஏன்?"

"பிடுங்கிட்டா முள்ளம்பன்றி எதுக்கு மறுநாள் வரும்? குரங்குன்னா அதுக்குப் பேச்சுத்துணை வேணாமா?"

"டீச்சராகப் போறவ இல்ல, கதையவே முடிச்சிட்டியே."

கவசத்துக்குக் கீழே அவள் வாய் சிரித்தது. அந்த யோசனை என்னுடையது அல்ல என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும்.

எங்களுக்குப் பயிற்சி தந்தவர்கள் ஒன்றை அழுத்திச் சொல்வார்கள். முகத்தில், அதிலும் தாடையோரத்தில், அரைகுறைச் சூடு வைக்கக் கூடாது. வேரைச் சுட்டால் அது சாகும். இதமாகச் சூடேற்றினால், சிலருக்குத் தூங்குகிற வேரும் விழித்துக்கொள்ளும், பூனைமுடி கருமுடியாகும். எல்லோருக்கும் அப்படி ஆவதில்லை. அவளுக்கும் ஆகாமல் போயிருக்கலாம். அன்று ஒளியின் அளவைக் குறைத்தபோது நான் அதை விதியின் கையில்தான் விட்டேன். அடுத்த முறையும் அப்படியே விட்டேன்.

"என்னக்கா, இப்பல்லாம் வலிக்கவே இல்ல?"

"தோல் பழகிடுச்சு."

"கருகுற வாசனையும் வரல. மூக்கும் பழகிடுச்சா?"

"முனை புதுசு, அதான்."

இதைப் பொய் என்று சொல்ல முடியாது. முனையை அப்போதுதான் மாற்றியிருந்தோம்.

முதலில் தாடையோரம் கறுத்தது. பிறகு முன்பு ஒன்றுமே இல்லாத கன்னத்தில் ஏறியது. அந்த நேர்முகத்துக்கு அவள் போகவில்லை; உடம்பு சரியில்லை என்று செய்தி அனுப்பினாள். இரத்தம் எடுத்துப் பார்த்ததில் ஹார்மோன் சுரப்பு சிறிது ஏற்ற இறக்கமாக இருந்தது. எங்களிடம் வருகிற பெண்களில் பாதிப் பேருக்கு அப்படித்தான் இருக்கும். அவள் அதையே பிடித்துக்கொண்டாள். "என் உடம்பே எனக்கு எதிரியா இருக்குக்கா" என்று கட்டிலில் கிடந்து அழுதாள். உடம்பைத் திட்டாதே, அது என்ன செய்யும் என்று நான் சமாதானம் சொன்னேன். அழுது முடிக்கும்வரை அடுத்த ஆளை உள்ளே விடவில்லை.

கறுப்பு, முகக்கவசத்தின் விளிம்பைத் தாண்டிக் கண்ணுக்குக் கீழே வந்தபோது பல் மருத்துவர் ஒன்றும் சொல்லவில்லை, நல்ல மனிதர். ஆனால் நாற்காலியில் சாய்ந்து வாயைத் திறந்திருக்கிற ஆள் மேலே பார்த்துத்தான் ஆக வேண்டும். வேறெங்கும் பார்க்க முடியாது. ஒரு பெரியவர் வாயில் பஞ்சு இருந்ததையும் மறந்து சிரித்துவிட்டாராம். அன்றே வேலையை விட்டுவிட்டாள். வீட்டில் அம்மா, "யாராவது வந்தா நீ உள்ள இரு. என்னால பதில் சொல்ல முடியல" என்றிருக்கிறார். பெற்றவள் வாயில் வருகிற பேச்சா அது? எனக்கு மனம் பொறுக்கவில்லை. என் வீட்டின் பின்னறை சும்மாதான் கிடந்தது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிடு என்றேன், வந்துவிட்டாள்.

அந்த நாட்களைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். காலையில் வெந்நீர் வைத்து அவளுக்கு நானே மழித்துவிடுவேன். கண்ணை மூடிக்கொண்டு முகத்தை என் கையில் கொடுத்துவிடுவாள். வீட்டுக் கண்ணாடிகளையும் கழற்றிவிட்டேன். மாலையில் நான் வரும் காலடி கேட்டதும் கதவு தானாகத் திறக்கும். அன்று நிலையத்தில் நடந்ததையெல்லாம் கேட்டுக் கேட்டுச் சிரிப்பாள். சிகிச்சையை மட்டும் நாங்கள் நிறுத்தவில்லை. நம்பிக்கையை விடாதே என்று அவளைக் கூட்டிக்கொண்டு போனதே நான்தான்.

என்னைக் காட்டிக்கொடுத்தது அவளுடைய புகழ்ச்சி. வழுக்கி விழுந்து எனக்கு மணிக்கட்டு முறிந்தது. அந்த வாரம் அறையைப் புதிதாக வந்த ஒரு பெண் பார்த்துக்கொண்டாள். வைக்க வேண்டிய அளவை வைத்து முதல் ஒளியை அடித்ததும் இவள் துள்ளி எழுந்துவிட்டாள்.

"கொல்றியாம்மா? எங்கக்கா கை பட்டா வலிக்கவே வலிக்காது. இளஞ்சூடா, சுகமா இருக்கும்."

"இளஞ்சூடாவா?" என்று கேட்ட அந்தப் பெண், கருவியைக் கீழே வைத்துவிட்டு மருத்துவரைக் கூப்பிடப் போனாளாம். கெட்டிக்காரி. மருத்துவர் உங்கள் காவல் நிலையத்துக்குச் சொல்லி அனுப்பினார்.

ஆகவே, ஆம். தெரிந்தே செய்தேன். கைத்தவறு அல்ல, இயந்திரத்தின்மீதும் குறை இல்லை. ஒவ்வொரு முறையும் பார்த்து, யோசித்து, நானே குறைத்தேன். அவள் முகத்தில் இன்று இருக்கிறதெல்லாம் நான் வளர்த்தது. ஆனால் ஒரு தழும்பு கிடையாது. நீங்களே பார்க்கலாம்.

முழு அளவில் வைத்துத் தொடர்ந்து செய்தால் பெரும்பாலும் குறைந்துவிடும், அவள் மறுபடியும் வகுப்பில் போய் நிற்கலாம் என்று அந்தப் புதுப் பெண் சொல்கிறாளாம். இருக்கலாம். வலிக்கும்.

வெளியே பெஞ்சில், சால்வையால் முகத்தை மூடிக்கொண்டு அவள் எனக்காகத்தான் உட்கார்ந்திருக்கிறாள். யாரோ பொறாமையில் என்மேல் பழி போட்டிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். விஷயத்தைச் சொல்லும்போது கொஞ்சம் பக்குவமாகச் சொல்லுங்கள், ஐயா. பாவம், என்னை விட்டால் அவளுக்கு யார் இருக்கிறார்கள்.