குணமானவர் பட்டியல்

— 1974 மார்ச் 12, செவ்வாய்க்கிழமை, அம்பத்தூர் இலவச மனநோய் முகாம். வேம்புலி, வயசு முப்பத்தி நாலு. தூக்கமில்லை, கை நடுக்கம். எதிர்ல போன மாசமே 'குணம்'னு எழுதியிருக்கே. நீங்க யாரும்மா?

— அவரு பொண்டாட்டி கன்னியம்மா, ரைட்டர் சார். இன்னா குணம்? மூணு மாசமா கண்ணு மூடல. டம்ளரைப் புடிச்சா பாதி டீ தரையில கீது.

— ஒரு தடவை வந்தார், அப்புறம் வரலை. வராதவங்க குணமானவங்க. அப்படித்தானே?

— எப்டி சார் வருவாரு? ரோட்டோரம் பெஞ்சு போட்டு குந்த வெச்சீங்க. 'மெண்டல் ஏழாம் நம்பர், வேம்புலி'ன்னு கம்பவுண்டர் கூவுறாரு. கம்பெனி ஆளுங்க அத்தினி பேரும் அந்த ரோட்லதான் சைக்கிள்ல போறாங்கோ.

— மறைவா வச்சா ஜனங்களுக்கு எப்படித் தெரியும்? பெஞ்சு போட்டப்புறம் குணமானவங்க மூணு மடங்கு.

— ஒரு வாட்டி டாக்டரைப் பாக்க வுடுங்க சார். அதோ, எங்க ஊட்டுக்காரரு மரத்தாண்ட தலையில துண்டு போட்டுகினு நிக்கிறாரு.

— குணமானவரை டாக்டர் எதுக்குப் பாக்கணும்? புது நோயாளின்னா பத்து மணிக்குள்ள டோக்கன் வாங்கணும். இப்ப பதினொண்ணு.

— மாங்காட்டு பஸ்ஸே பத்தரைக்குத்தான் சார் வந்துது.

— அது பஸ்காரன்கிட்ட சொல்ல வேண்டியது. அப்படித்தானே?

— கை நடுங்குதுன்னு ஃபோர்மேன் ஊட்டுக்கு அனுப்சிட்டான் சார். இன்னிக்கு சீட்டு காட்டலன்னா பேரை அடிச்சிடுவானாம். ஊட்ல மூணு புள்ளைங்க.

— என்ன சீட்டு?

— ஒடம்பு தேறிடுச்சின்னு டாக்டர் சீட்டு.

— இதை முதல்லயே சொல்றதில்லையா? டாக்டர் கையெழுத்துப் போட்ட தாள் ஒரு கட்டு இங்கேயே இருக்கு. ரிஜிஸ்டர்ல குணம்னு இருக்கு, பேரை எழுதினா முடிஞ்சுது. இந்தாங்க.

— தூங்கறதுக்கு ஒரு மாத்திரை...

— குணமானவருக்கு மாத்திரையா? இப்படி வந்து கட்டைவிரல் வையுங்க. இது மேலிடத்துக்குப் போற தாள். முகாம் சேவை உங்களுக்குத் திருப்தியா?

— டாக்டரையே பாக்கல சார்.

— காத்திருக்க வைக்கலைன்னு அர்த்தம். 'மிகத் திருப்தி'. எப்ப வேலைக்குப் போறார்?

— ரெண்டு மணி ஷிப்டு சார். இன்னிக்கே.

— நல்லது. என்ன வேலை?

— பிரஸ் மிஷினு. மேலேந்து அச்சு எறங்கறதுக்குள்ள தகட்டை வெச்சிட்டு கையை எடுத்துக்கணும்.