இரண்டு மிஷினுக்கும் பொருந்தும் பலகை

மேலே எழுதப்பட்ட பெயரும் முகவரியும் என்னுடையவை. வயது அறுபத்தேழு. காகித ஆலையில் மின் பராமரிப்புப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றேன். மனைவி இறந்துவிட்டார். தனியாக வசிக்கிறேன். புகார்தாரரின் தந்தை வீட்டில் நான் திருட முயன்றதாகச் சொல்லப்படும் கம்ப்யூட்டர் பலகை குறித்துக் கேட்டதற்கு நான் சொல்வதாவது:

ஆலையை மூடியபோது அங்கிருந்த பழைய மினி கம்ப்யூட்டரை ஏலத்தில் எடுத்தேன். பீரோ உயரம் இருக்கும். அதை ஓட வைக்க உதிரிபாகம் தேடி அலைந்தபோது பழைய இரும்புக் கடைக்காரர் ஒருவர், "உங்களை மாதிரியே இன்னொரு கிறுக்கர் இருக்கார்" என்று ஒரு போன் நம்பர் கொடுத்தார். அவர்தான் புகார்தாரரின் தந்தை. துறைமுக அலுவலகத்தில் இருந்தவர் என்பதால் நான் கப்பல்காரரே என்பேன், அவர் மில்லுக்காரரே என்பார். அவரிடம் இருந்ததும் அதே மிஷின். அவருடையதில் நினைவகப் பலகை, அதாவது மெமரி போர்டு, இல்லை, என்னுடையதில் பவர் சப்ளை இல்லை. இரண்டும் வேறு எங்கும் கிடைக்கவில்லை.

அதன் பிறகு ஞாயிறுதோறும் போனில் பேரம் பேசினோம். "மூளை உங்ககிட்ட, உயிர் எங்கிட்ட. மூளையை அனுப்பிடுங்க மில்லுக்காரரே" என்பார். "ஏன், உயிரை அனுப்பினா ஆகாதா?" என்பேன். ஒருமுறை அவர் நான் கேட்ட விலைக்கே இறங்கி வந்துவிட்டார். நான் உடனே இன்னும் குறைத்துக் கேட்டேன். அதற்காக அவர் கோபப்படவில்லை. நேரில் நாங்கள் பார்த்துக்கொண்டதே இல்லை.

கடைசியாகப் பேசியபோது அவர், "நம்ம ரெண்டு பேர்ல ஒருத்தர் போனாத்தான் ஒரு மிஷினாவது ஓடும்போல" என்றார். "அப்படின்னா நீங்க முந்திக்குங்க" என்றேன். சிரித்தார். அடுத்த ஞாயிறு போனை எடுக்கவில்லை. என் பேச்சு தைத்துவிட்டதோ என்று நினைத்து, கடைக்காரரிடம் முகவரி கேட்டு, பலகையைத் துண்டில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டு மறுநாள் காலை பஸ் ஏறினேன். விற்பதற்கு அல்ல, கொடுப்பதற்கு.

கதவைத் தட்டினேன். திறக்கவில்லை. வாசலில் நின்று போனில் அழைத்துப் பார்த்தபோது உள்ளே மணி அடித்தது. ஜன்னல் வழியே பார்த்ததில், மிஷினுக்கும் சுவருக்கும் இடையே ஒரு கால் தெரிந்தது. அதன் பிறகு தாழ்ப்பாளை உடைத்தது நான்தான். அவருக்கு மூச்சு இருந்தது, பேச்சு இல்லை. "நான்தான் மில்லுக்காரன்" என்றேன். என் சட்டையைப் பிடித்துக்கொண்டார். ஆம்புலன்ஸ் வந்ததும் நானும் உடன் ஏறினேன். பையை அங்கேயே மறந்துவிட்டேன்.

அதன் பிறகு மகன் வந்து, உடைந்த தாழ்ப்பாளையும் பையில் பலகையையும் மிஷினில் காலி இடத்தையும் பார்த்துப் புகார் கொடுத்திருக்கிறார். அந்த இடத்தில் பலகை கச்சிதமாகப் பொருந்துகிறது என்கிறார். பொருந்தும். என் வீட்டு மிஷினிலும் பொருந்தும், வந்து பார்க்கலாம். அப்பா என்னைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை என்கிறார். மகன் இருப்பதாக அவர் என்னிடமும் சொன்னதில்லை.

நேற்று என்னையும் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார்கள். மகன் பலகையைக் காட்டி, "அப்பா, இது உங்களோடதுதானே?" என்றார். அவர் இடது கையால் வாங்கி மார்பில் வைத்துக்கொண்டார். திருப்பிக் கேட்டபோது விடவில்லை. என்னைப் பார்த்தார். வாயின் ஒரு பக்கம் அசைந்தது. அவர் சிரிப்பு எனக்குக் குரலில் மட்டுமே தெரியும் என்பதால், அது சிரிப்புதானா என்று உறுதியாகச் சொல்ல இயலாது.

பலகை நண்பர் வீட்டில் எடுத்ததல்ல. நேற்றுவரை என்னுடையது. இப்போது அவருடையது. எனக்குத் திரும்ப வேண்டாம். பேரம் முடிந்தது.

இதை எனக்குப் படித்துக் காட்டினார்கள். ஓர் இடத்தில் 'நண்பர்' என்று எழுதியிருந்தது. அந்தச் சொல்லை நான் சொல்லவில்லை. அடித்துவிடவா என்று அதிகாரி கேட்டார். வேண்டாம் என்றேன். மற்றவை நான் சொன்னவை, உண்மை. அதுவும் உண்மை.

(கையொப்பம்)