பார்ப்பதற்கும் துண்டு போடுவதற்கும் நடுவில்

“...பஸ்ல சீட்டு காலியா கீதான்னு பாக்குறதுக்கும் துண்டு போடுறதுக்கும் நடுவுல இன்னொருத்தன் துண்டு போட்டுடுவான் பாரு, அதான் மச்சான் எங்க கம்ப்யூட்டர்லயும் நடந்துது.”

செங்கல்பட்டு ரயிலில் எனக்கு எதிரே உட்கார்ந்திருந்த இளைஞன் நண்பனிடம் சொல்லிக்கொண்டிருந்தான்.

“ரெண்டு புரோகிராம் ஒரே நேரத்துல ஒரே ஃபைல்ல எழுதிக்கினு இருந்துது. ஒண்ணு எழுதுனதை இன்னொண்ணு அழிச்சிடுச்சு. இப்ப ஃபைல் சிஸ்டத்துல பூட்டு வெச்சிட்டேன், ஒண்ணு முடிச்சாத்தான் அடுத்தது.”

“அப்புறம் இன்னாடா பேஜாரு? மூஞ்சியப் பாரு, பரீட்சைல கோட்டடிச்சவனாட்டம்.”

“அந்த ஃபைலை அழிச்சாங்கன்னுதான எங்க ஆபீஸ் மேரி அக்காவை வேலையை விட்டுத் தூக்குனாங்க. அவங்க மேல தப்பே இல்லடா. மேனேஜர் வெளிய சொல்லாதங்கறாரு.”

“சொன்னா உன்னையும் தூக்கிடுவாரு. வாயை மூடிக்கினு வா.”

கூடுவாஞ்சேரியில் ரயில் நின்றது. “மேரி அக்கா வூடு இங்கதான் கீது” என்றபடி, செங்கல்பட்டுவரை போகவேண்டிய அந்த இளைஞன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு இறங்கிவிட்டான்.