உடைந்த மிட்டாய்களையும் எண்ணுங்கள்

பள்ளிப் பரிசளிப்பு விழாவுக்குத் தலைமை தாங்கும் மிட்டாய் ஆலை மேலாளர் அவர்களே! முன்வரிசையை முழுதாய் நிறைத்திருக்கும் முதுபெரும் சான்றோர்களே! பிள்ளைகளுக்குத் தலைவாரி அனுப்பிவிட்டுத் தங்கள் தலையை வார நேரமில்லாமல் ஓடிவந்திருக்கும் தாய்மார்களே! வகுப்பில் வாய்மூடி இருந்துவிட்டு இங்கே விசிலடிக்கும் மாணவ மணிகளே! உங்கள் அத்தனை பேருக்கும் இந்தச் சலூன்கடைக்காரனின் பணிவான வணக்கம்.

தலைவர் அவர்களே, இன்று உங்களைப் பற்றியும் பேசப்போகிறேன். பக்கத்தில் தண்ணீர் இருக்கிறது, குடித்துக்கொள்ளுங்கள். யாரப்பா அங்கே சிரிப்பது? சிரிக்கிற சேதியல்ல இது.

நடந்தது உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். அதிலும் பாதிப் பேருக்குத் தப்பாகத் தெரியும். 'ஐந்து நிறமும் சம பங்கு' என்று ஆலை தன் மிட்டாய் பாக்கெட்டின்மேல் அச்சிட்டிருக்கிறதே, அது மெய்யா என்று புள்ளியியல் பாடத்துக்காகச் மாணவர்களோடு சோதிக்கப் புறப்பட்டார் கணக்கு டீச்சர். பிரித்தார்கள், பிரித்துக் கொட்டினார்கள், கொட்டி எண்ணினார்கள். நூற்றுக்கு இருபது சிவப்பு இருக்கவேண்டிய இடத்தில் பன்னிரண்டுகூடத் தேறவில்லை! அதைக் கொட்டை எழுத்தில் எழுதிப் பள்ளி வாசலில் ஒட்டியது யார்? வாயாடி என்று நாம் செல்லமாகக் கூப்பிடும் மாணவி. ஆலையில் மிட்டாய்க்குச் சிவப்பு ஏற்றும் உருளையை ஓட்டுவது யார்? அந்த வாயாடியைப் பெற்ற அம்மா!

பசை காய்வதற்குள் ஊர் பேசியது. என் கடை நாற்காலியில் சாய்ந்துகொண்டே பேசியது. "சிவப்பு எங்க போச்சு? அந்தம்மா வீட்டுக்குத்தான் போயிருக்கும்." சொன்னவர் கழுத்தில் என் கத்தி இருந்தது, எடுத்து மடக்கி வைத்தேன். யார் என்கிறீர்களா? மூன்றாம் வரிசையில் ஒருவர் மீசையைத் தடவுகிறார், விட்டுவிடுவோம்.

மேலாளர் அந்த அம்மாவை வேலையிலிருந்து நிறுத்திவைத்தார். பிரிக்காத புதுப் பெட்டிகளோடு பள்ளிக்கு வந்தார். "எல்லாரும் பாக்க எண்ணுங்க. இப்பவும் குறைஞ்சா அவங்க இனிமே வரவே வேண்டாம்" என்றார். பொதுச் சாட்சிக்கு என்னை இழுத்துவந்தார்கள். "எண்ணத் தெரியுமாண்ணே?" என்றார் டீச்சர். "தலைய எண்ணித்தானே பொழைக்கிறேன்" என்றேன். யாரும் சிரிக்கவில்லை.

காகிதம் பறக்காமலிருக்க மின்விசிறியை நிறுத்தியிருந்தார்கள். அம்மா கதவோரம் நின்றார். மகள் மேசையில் எண்ணினாள், நிமிரவே இல்லை. அன்று வாயாடிக்கு வாயே இல்லை. பச்சைக் குவியல் உயர்ந்தது, மஞ்சள் உயர்ந்தது, நீலமும் ஊதாவும் நிமிர்ந்தன. சிவப்பு மட்டும் எழவேயில்லை, நூற்றுக்குப் பன்னிரண்டோடு நின்றது! டீச்சர் கணக்கைப் போட்டார், மறுபடி போட்டார், கண்ணாடியைக் கழற்றினார்.

"கொஞ்சம் கூடக்குறைய வரும் சார், அது தற்செயல். இது அந்த எல்லைய தாண்டிடுச்சு. தற்செயல்னு என்னால சொல்ல முடியல."

வேலையைவிட்டு நீக்கச் சொல்ல மேலாளர் கைபேசியை எடுத்தார். எனக்கு அங்கே நிற்கப் பிடிக்கவில்லை. உதிர்ந்ததைக் கூட்டித் தள்ளியே பழகிய கையல்லவா? ஓரத்தில் உடைசல் மிட்டாய் கிடந்த தட்டைத் தூக்கிக் குப்பைக்கூடைப் பக்கம் திரும்பினேன். ஒரு கை என் மணிக்கட்டைப் பிடித்தது, வாயாடியின் கை.

"மாமா, கொட்டாதீங்க! டீச்சர், இதை நாம எண்ணவே இல்ல!"

"உடைஞ்சத எண்ண வேண்டாம்னு முதல்லயே பேசினோமேம்மா."

"நாமதான் பேசினோம். பாக்கெட்டுல அப்படி எழுதலையே!"

தட்டைக் கவிழ்த்தாள். சிவப்பு! எங்கு பார்த்தாலும் சிவப்பு! ஒரு பாதியோடு மறுபாதியைப் பொருத்திப் பொருத்தி முழுசாக்கினாள். கதவோரம் நின்ற அம்மா உள்ளே வந்து, மகள் பக்கத்தில் உட்கார்ந்து, தானும் பொருத்த ஆரம்பித்தார். பன்னிரண்டு பதினைந்தாயிற்று, பதினேழாயிற்று, பத்தொன்பதைத் தொட்டது. "இந்த வித்தியாசம் சும்மாவே வரும் சார். சிவப்பு குறையுதுன்னு சொல்ல ஆதாரமே இல்ல" என்றார் டீச்சர். மேலாளர் கைபேசியைப் பைக்குள் போட்டார். பிறகு, "சிவப்புக்கு மேல்பூச்ச மெல்லிசாக்கச் சொன்னதே நான்தான். அதான் உடையுது. மன்னிச்சிடுங்கம்மா" என்றார்.

கை தட்டாதீர்கள்! கதை முடியவில்லை. வேலை திரும்பி வந்தது, பெயர் திரும்பி வந்ததா? பழியை வாசலில் ஒட்டினோம், மன்னிப்பை மூடிய அறைக்குள் கேட்டோம். சற்றுமுன் அந்த அம்மா நடுவரிசையில் வந்து உட்கார்ந்தார். பக்கத்து நாற்காலிகளில் கிடந்த கைப்பைகள் எல்லாம் மடிக்கு ஏறின. மேடையிலிருந்து நான் பார்த்தேன். இப்போது கடைசித் தூணோரம் நிற்கிறார். மகள் பரிசு வாங்கும் நாளில் தாய்க்கு நாற்காலி இல்லையா? கண்ணால் கண்டோமா? காதால் கேட்டதற்கே கள்ளி என்றோமே! முழுசாய் இருப்பதை மட்டும் எண்ணிவிட்டு, மூலையில் கிடப்பதை எண்ண மறந்துவிட்டு, முடிவு சொல்ல நாம் யார்? எண்ணுங்கள், உடைந்ததையும் எண்ணுங்கள்! ஒதுக்கி வைத்ததையும் எண்ணுங்கள்! எண்ணி முடித்தபிறகு வாய் திறங்கள்!

தலைவர் அவர்களே, அறைக்குள் சொன்னதை இந்த அரங்கில் சொல்வீர்களா? அடுத்த வாரம் முடி வெட்ட என்னிடம்தான் வரவேண்டும், நினைவிருக்கட்டும்.

அட, தலைவர் எழுந்துவிட்டார்! என்னிடம் வரவில்லையே... மேடையைவிட்டு இறங்குகிறார், கடைசித் தூணை நோக்கி நடக்கிறார். வழிவிடுங்கள் ஐயா, நாற்காலிகளை நகர்த்துங்கள்! தாயே, தயங்காதீர்கள், அவரோடு மேலே வாருங்கள். தலைவரின் நாற்காலி காலியாகத்தான் இருக்கிறது. ஒலிவாங்கியைத் தலைவர் பேசுவதற்காக இங்கேயே வைக்கிறேன். பொறுத்துக் கேட்ட காதுகளுக்கு நன்றி. அந்தக் கைப்பைகளை மறுபடி கீழே வைக்கப்போகும் கைகளுக்கு என் வணக்கம்!