கம்முனு படுக்கும் நேரம்

பள்ளிக்கூடத்துக்கு லீவு விட்டால் பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம், பெற்றவர்களுக்குத் திண்டாட்டம். வேலைக்குப் போகிறவர்கள் பகல் முழுக்கப் பிள்ளையை எங்கே கொண்டுபோய் விடுவார்கள்? அந்தக் கவலையை இத்தனை வருஷமாக நான்தான் என் தலையில் சுமந்தேன். என் விடுமுறை முகாமில் காலையில் யோகா, மத்தியானம் ஓவியம். செல்போன் கிடையாது, கூச்சல் கிடையாது. ஒரு பிள்ளையைக்கூட நான் அடித்ததில்லை, அதட்டியதும் இல்லை. மேடம், இதை முதலில் எழுதிக்கொண்டால் நல்லது.

இடத்தை நீங்கள் பார்த்துவிட்டீர்கள். நூலகத்துக்கு மேல்மாடியில் நீளமான ஒரு கூடம். ஒரு பக்கம் யோகா விரிப்புகள், இன்னொரு பக்கம் கை கழுவும் தொட்டி, அதை ஒட்டி வண்ண டப்பாக்கள் வைக்கும் இரும்பு அலமாரி. அலமாரிச் சாவி எப்போதும் என் இடுப்பில்தான் இருக்கும். திறந்து வைத்தால் டிராயிங் மாஸ்டர் அள்ளிக் கொடுத்துவிடுவார். நல்ல மனுஷர், வாயில்லாப் பூச்சி. பிள்ளைகள் எதைக் கேட்டாலும் இல்லை என்று சொல்ல அவருக்கு வராது. அதிலும் நீலம் என்றால் பிள்ளைகளுக்கு உயிர். வானத்துக்கு நீலம், கடலுக்கு நீலம், யானைக்கும் நீலம். எந்த முகாமிலும் முதலில் காலியாவது அதுதான். அவர் வந்து தலையைச் சொறிந்துகொண்டு நிற்பார், நான் கண்டுகொள்ள மாட்டேன்.

அந்தச் சின்னப் பெண்ணுக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் விசில். மாடிப்படி ஏறி வந்தால் அவள் நெஞ்சிலிருந்து மெல்லிசாக ஒரு சத்தம் வரும். கேலிக்கு வைத்த பெயர்தான், ஆனாலும் அவளே அதைச் சொல்லிச் சிரிப்பாள். சிரித்தால் முன்பல் விழுந்த இடம் தெரியும். அவள் அம்மா பெரிய கடை ஒன்றில் பில் போடுகிறவள். கணவர் இல்லை, ஒத்தாசைக்கும் ஆள் இல்லை. முதல் நாள் வாசலில் நின்று, இன்ஹேலரை என் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினாள்.

“டீச்சர், மூச்சு இழுத்தா உடனே இதை அடிச்சு விட்ருங்க. அவளா கேட்டாலும் குடுத்துருங்க. அவ சும்மா கேக்க மாட்டா.”

“நீங்க கவலைப்படாம வேலைக்குப் போங்கம்மா. எனக்கும் சின்ன வயசுல இழுப்பு இருந்ததுதான்,” என்றேன்.

அது பொய்யில்லை. யோகாவால் குணமானது என்று முகாம் நோட்டீஸிலேயே அச்சடித்திருக்கிறேன். என் கைப்பையிலிருந்து ஒரு இன்ஹேலரை உங்கள் ஆட்கள் எடுத்து மேசைமேல் வைத்தார்கள், பார்த்தேன். அது வேறு விஷயம். எனக்கு வயதாகிறது, குளிர் ஒத்துக்கொள்வதில்லை. பிள்ளைகள் அப்படியில்லை. பழக்கினால் எதற்கும் பழகிக்கொள்வார்கள்.

அவளுடையதை அலமாரியில் வைத்துப் பூட்டினேன். தொலைந்துவிடக் கூடாது என்றுதான். அவள் முதல் தடவை வந்து கேட்டபோது நான் மறுக்கவில்லை. “முதல்ல என்கூட உக்காந்து மெதுவா மூச்சு விடு, அப்புறம் தர்றேன்,” என்றேன். என் முகத்தையே பார்த்துக்கொண்டு அப்படியே செய்தாள். கொஞ்ச நேரத்தில் அடங்கிவிட்டது. அடுத்த தடவை அடங்க அதிக நேரம் ஆனது. ஒரு நாள் தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, தோள் இரண்டும் காதுவரை ஏறி இறங்க நின்றாள். நான் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தேன். அன்றைக்கும் அடங்கியது. முகம் துடைத்துவிட்டு அவளிடம் சொன்னேன்: “அம்மா பாவம்ல, பயந்துருவாங்க. இதெல்லாம் வீட்ல சொல்ல வேணாம்.” அவள் தலையாட்டினாள். சொல்பேச்சுக் கேட்கிற பிள்ளை. அதற்குப் பிறகு அவள் இன்ஹேலர் கேட்பதையே விட்டுவிட்டாள்.

சாயங்காலம் அவள் அம்மாவிடம், இங்கே அந்த இன்ஹேலர் பம்ப் தேவையே படவில்லை என்றேன்.

“நிஜமாவா டீச்சர்? ஒரு தடவைகூடவா?” என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். “அவ தூங்குறப்பகூட நான் நிம்மதியா கண்ண மூடுனதில்ல டீச்சர். நீங்க நல்லா இருக்கணும்.”

என்னை யாரும் அப்படிப் பார்த்ததில்லை, என் வீட்டுக்காரர் உட்பட. உண்மையைச் சொன்னால் எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்தப் பார்வைக்காக எதையும் செய்யலாம் போல இருந்தது. மற்ற பெற்றோர்களிடமும் வாய் ஓயாமல் சொன்னேன். கடைசி நாள் வாருங்கள், அவளை நேரில் காட்டுகிறேன் என்று எல்லாரையும் அழைத்தேன்.

கடைசி நாளுக்கென்று எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. நீளமான பழுப்புக் காகிதத்தை விரித்து, பிள்ளைகள் அதன்மேல் மல்லாந்து படுக்க வேண்டும். அது சவாசனம்தான். சின்னஞ்சிறுசுகளிடம் அந்தப் பெயர் எதற்கு என்று ‘கம்முனு படுக்கிறது’ என்போம். படுத்திருக்கும் பிள்ளையைச் சுற்றி அதன் ஜோடி கிரேயானால் கோடு இழுக்கும். பிறகு எல்லாருடைய உருவமும் சுவரில் தொங்கும். அசைந்தால் கோடு கெட்டுவிடும். நான் மணி அடிக்கும்வரை யாரும் யாரையும் தொட்டு எழுப்பக் கூடாது.

அன்று காலை முழுக்க நாற்காலிகளை இழுத்துப் போட்டதில் கூடமெல்லாம் ஒரே தூசி. விசில் படுத்த கொஞ்ச நேரத்தில் சத்தம் தொடங்கிவிட்டது. எப்போதும் வருகிற சத்தம் இல்லை. பாதி இழுத்து மாட்டிக்கொள்கிற மாதிரி இருந்தது. டிராயிங் மாஸ்டர் ஓடி வந்தார்.

“டீச்சர், பாப்பாவுக்கு ரொம்ப இழுக்குதே. அந்த பம்ப் எங்க?”

“குடுத்தாச்சு மாஸ்டர். நீங்க கீழ போய் வர்றவங்களை மேல அனுப்புங்க.”

அவர் இரண்டு எட்டு வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தார். பிறகு இறங்கிப் போனார். நான் சொன்னால் நம்புகிறவர். வேறு ஆளாக இருந்தால் கத்திக் கூட்டத்தைக் கூட்டியிருப்பார்.

அவள் எழுந்திருக்கவில்லை. எழுந்தால் கோடு கெட்டுவிடும் என்று அவளுக்குத் தெரியும். வலது கையை மட்டும் என் பக்கமாக நீட்டினாள். என் பின்னால் அலமாரி இருந்தது. மாடிப்படியில் பெற்றோர்களின் பேச்சுச் சத்தம் ஏறி வந்துகொண்டிருந்தது. எல்லார் கண்ணெதிரிலும் அலமாரியைத் திறந்து அதை எடுத்துக் கொடுத்திருந்தால், அவள் இத்தனை நாள் பட்ட பாடெல்லாம் வீணாகியிருக்கும். அவளுக்காகத்தான் யோசித்தேன். குனிந்து அந்தக் கையை எடுத்து, பழைய இடத்திலேயே வைத்தேன். கை சில்லென்று இருந்தது. “இன்னும் கொஞ்ச நேரம்தான் கண்ணு,” என்றேன்.

அப்புறம் அந்தச் சத்தம் நின்றுவிட்டது, மேடம். குறையக்கூட இல்லை, சுத்தமாக நின்றது. கூடத்தில் மின்விசிறிச் சத்தம் மட்டும்தான் கேட்டது. மற்ற பிள்ளைகளிடம் மெதுவாகச் சொன்னேன்: “பாத்தீங்களா, அவளுக்குக் கம்முனு படுக்க வந்துருச்சு.”

கோடு இழுத்துக்கொண்டிருந்த ஜோடி, ரெட்டைச் சடை போட்ட ஒரு வாண்டு, என்னை நிமிர்ந்து பார்த்தது.

“டீச்சர், இவ உதடு நீலமா இருக்கு.”

“பெயிண்ட் ஒட்டியிருக்கும்மா. நீ கோட்டை முடி.”

முடித்தது. அதுவும் சொல்பேச்சுக் கேட்கிற பிள்ளை.

அவள் அம்மா கடைச் சீருடையிலேயே வந்தாள். கெஞ்சிக் கூத்தாடி அரை நாள் லீவு வாங்கியிருந்தாள். முதல் வரிசையில் உட்கார்ந்து, மகளைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டாள். கண்ணெல்லாம் தண்ணீர்.

“எவ்ளோ நிம்மதியா படுத்திருக்கா டீச்சர். இப்படி நான் பாத்ததே இல்ல.”

நான் அவசரப்படவில்லை. அவள் ஆசை தீரப் பார்க்கட்டும் என்று விட்டேன். பிறகு மணி அடித்தேன். மற்ற பிள்ளைகள் எல்லாம் எழுந்தார்கள்.

அதற்குப் பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். அவள் அம்மா போட்ட கூச்சலில் எல்லாரும் அந்தப் பக்கம் ஓடினார்கள். நான் அலமாரியைத் திறந்து, இன்ஹேலரை எடுத்துப் பிள்ளையின் பையில் போட்டேன். யார் பொறுப்பில் இருந்தது என்று கேட்டபோது, பைகளை டிராயிங் மாஸ்டர்தான் பார்த்துக்கொள்வார் என்றேன். அவர் மறுக்கவே இல்லை. “நான் பாத்திருக்கணும், நான் பாத்திருக்கணும்,” என்று சுவரில் முட்டி அழுதுகொண்டிருந்தார். நீங்கள் அதைக் குற்றத்தை ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொண்டு கூட்டிப்போனீர்கள். நான் வாயைத் திறக்கவில்லை.

நேற்று அந்த அம்மா என் வீட்டுக்கு வந்தாள். சத்தம் போட வந்தாளோ என்று கதவை ஒருக்களித்துத்தான் திறந்தேன். அவள் உள்ளேகூட வரவில்லை.

“டீச்சர், கடைசியா அவ ஏதாவது கேட்டாளா?”

“ஒண்ணும் கேக்கலம்மா.”

அவள் தலையாட்டினாள். “அவ சும்மா கேக்க மாட்டா,” என்றாள். சொல்லிவிட்டு, எந்தப் பக்கம் போவது என்று தெரியாதவள் மாதிரி தெருவில் கொஞ்ச நேரம் நின்றாள். நான் கதவைச் சாத்திக்கொண்டேன். சாத்தின பிறகும் அந்த வார்த்தை போக மாட்டேன் என்கிறது. அதனால்தான் நானே ஸ்டேஷனுக்கு வந்தேன்.

அந்தக் காகிதத்தைச் சுருட்டி மேசைக்கு அடியில் வைத்திருக்கிறீர்களே, ஒரு தடவை விரித்துப் பாருங்கள். வலது கை மட்டும் இரண்டு இடத்தில் வரைந்திருக்கும். சின்னப் பிள்ளை தப்பாக வரைந்துவிட்டது என்று நினைத்திருப்பீர்கள். தப்பில்லை. நீட்டின கை ஒன்று, நான் எடுத்து வைத்த கை ஒன்று. கண்ணால் கண்டதை அந்த வாண்டு அப்படியே வரைந்திருக்கிறது.

டிராயிங் மாஸ்டரை விட்டுவிடுங்கள். அவருக்கு ஒன்றும் தெரியாது. நானும் அந்தப் பிள்ளைக்கு மனதால்கூடக் கெடுதல் நினைத்ததில்லை, அதையும் எழுதிக்கொள்ளுங்கள். உதட்டில் இருந்ததைப் பெயிண்ட் என்று நான் தவறாக நினைத்துவிட்டதாக நீங்கள் பதிவு செய்திருக்கிறீர்கள். அதை மட்டும் அடித்துவிடுங்கள். நீலம் அதற்கு முந்தின வாரமே தீர்ந்துபோயிருந்தது, மேடம். நான் வாங்கவே இல்லை.